அப்பாவின் சீக்கோ டைவர்: சர்வீஸ் மட்டுமா, புதுசாக்குவதா, மெஷினையே மாற்றுவதா?

அப்பா பஹ்ரைனில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டராக இருந்தபோது வாங்கிய சீக்கோ டைவர், அதாவது கடலில் மூழ்குபவர்களுக்கான வாட்ச், ஒன்று எங்கள் கடலூர் வீட்டில் இருக்கிறது. மாடல் 6309-7040, தலையணை மாதிரி உப்பிய கேஸ், சாவி நாலு மணிக்குப் பக்கத்தில். பின்மூடியில் சீரியல் எண் 93 என்று தொடங்குகிறது. சீக்கோவில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். இந்த மாடல் 1976-லிருந்து 1988 வரைதான் வந்தது என்பதால் இது 1979 மார்ச் என்று குழப்பமில்லாமல் சொல்லிவிடலாம். உங்கள் வீட்டில் இருப்பது 6, 7, 8-ல் தொடங்கினால்தான் சிக்கல், உதாரணமாக 8 என்றால் 1978-ஆ 1988-ஆ என்று யார் எப்போது வெளிநாடு போனார்கள் என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அப்பா போன பிறகு அது பீரோவிலேயே கிடந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் மேலே ஓடு பறந்து, பீரோவுக்குள்ளும் தண்ணீர் இறங்கி, டயலில் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே ஒரு துருக் கறை படிந்துவிட்டது. இப்போது என் மகள் அதைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். சரி, செய்துவிடலாம் என்று நானும் சென்னையில் இருக்கும் தம்பியும் உட்கார்ந்து பேசியதில்தான் எங்கள் முன்னால் மூன்று வழி இருப்பதே தெரிந்தது. மூன்றுக்கும் விலை விசாரித்து, பார்த்து, யோசித்ததை எழுதுகிறேன், இதே மாதிரி ஒரு வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதல் வழி, உள்ளே மட்டும் சர்வீஸ். டயல், முள், கேஸ், கண்ணாடி எதையும் தொடுவதில்லை. மெஷினைக் கழற்றிக் கழுவி ஆயில் போட்டு, ரப்பர் வாஷர்களை மாற்றுவது. ஆனால் ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்மூடியைத் திறந்து, மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலாக இரண்டு சொட்டு ஆயில் விட்டுக் கொடுப்பதும் சர்வீஸ்தான். ஒவ்வொரு சக்கரமாகப் பிரித்து, மெயின் ஸ்பிரிங் இருக்கும் பேரலைத் திறந்து, ஒவ்வொரு இடத்துக்கும் உரிய ஆயிலை வைப்பதும் சர்வீஸ்தான். முதல் வகையில் வாட்ச் உடனே ஓடும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பழைய பிசுக்கு வெளியே போகாமல், கரைந்து பிவட்டில், அதாவது சக்கர அச்சின் முனையில், போய் உட்கார்ந்து, ஆறு மாதத்தில் மறுபடி நின்றுவிடும். அது பரவாயில்லை, ஆயில் இல்லாமல் ஓடும் நாட்களில் பாகங்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்கிறதே, அதுதான் கவலை. எனக்கு இது பட்டுத் தெரிந்தது: அப்பா இருந்தபோதே ஒரு கடையில் இப்படித்தான் செய்து கொடுத்தார்கள், ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

அதனால் கொடுக்கும் முன் கேளுங்கள்: பிரிப்பீர்களா, பேரலைத் திறப்பீர்களா, பேலன்ஸை (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) தனியாகக் கழுவுவீர்களா. நல்ல கைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். திருப்பாதிரிப்புலியூரில் நான் வாட்ச்சைக் காட்டிய பெரியவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்ததும், என்னையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். வாஷர் தார் மாதிரி உருகி, சாமணத்தால் தொட்டால் இழை இழையாக வந்தது. கேஸின் மடிப்பில் அப்பாவின் வியர்வையும் கடல் உப்பும் இரும்புத் தூளும் சேர்ந்து கறுப்பாக இறுகிப் போயிருந்தது.

அப்புறம் அவர் ஒரு திசைகாட்டியை எடுத்து வாட்ச் பக்கத்தில் வைத்தார், முள் ஆடியது. “உங்கப்பா வெல்டிங் வேலையா சார்?” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. வெல்டிங் கேபிளில் ஓடும் மின்சாரம் பக்கத்தில் இருக்கும் எஃகையெல்லாம் காந்தமாக்கும், பேலன்ஸை ஆட வைக்கும் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் தறிகெட்டு வேகமாக ஓடும். கடைசிக் காலத்தில் அப்பா இது தினமும் அஞ்சு நிமிஷம் முன்னால் ஓடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். காந்தம் எடுக்கும் கருவியில் சில விநாடி வேலை. உங்கள் பழைய வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால் பெரிய செலவுக்குப் போகும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வழிக்கு அவர் சொன்னது 2,500 ரூபாய், பாகம் ஏதாவது தேய்ந்திருந்தால் தனி.

இரண்டாவது வழி, தம்பியின் கட்சி: புதுசு மாதிரி ஆக்குவது. புது டயல், புது முள், புது பெசல் தகடு (டயலைச் சுற்றித் திருப்பும் வளையத்தில் நிமிஷ எண்கள் உள்ள தகடு), புதுக் கண்ணாடி, கேஸுக்கு பாலிஷ். ஆன்லைனில் செட்டாகவே கிடைக்கிறது, வேலைக் கூலியோடு ஆறாயிரத்துக்குள் முடிந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த டயலில் ‘சீக்கோ’ என்று அச்சடித்தது சீக்கோ இல்லை. இந்த மாடலுக்கு வெளிச் சந்தை டயல்கள் ஏராளமாக உலவுகின்றன, அசல் டயல் போன கணமே சேகரிப்பாளர்கள் பாதி ஆர்வத்தை இழந்துவிடுவார்கள். நாங்கள் விற்கப் போவதில்லை, ஆனாலும் இதுவும் கணக்கில் உண்டு.

பாலிஷ்தான் எனக்குப் பெரிய பயம். இந்தக் கேஸின் மேல்பக்கம் கோடு கோடாகத் தேய்த்த மேட் பரப்பு, பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கூர்மையான விளிம்பு. பஃப் சக்கரத்தில் ஒருமுறை காட்டினால் அந்த விளிம்பு கரைந்து எல்லாம் ஒரே வழவழப்பாகிவிடும். போன இரும்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கண்ணாடியில் ஏழு மணிக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. நகத்தால் தடவினால் குழி தட்டுப்படும். வெல்டிங் பொறி பட்டு உருகிப் பதிந்தவை. பெசல் தகட்டில் 60-க்குப் பக்கத்து பெயிண்ட் மட்டும் தேய்ந்திருக்கிறது. அப்பா கடலுக்குள் குதித்ததே இல்லை. முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு ஊருக்கு டிரங்க் கால் பேசுவார், மூன்று நிமிஷத்தைத் தாண்டினால் காசு எகிறும் என்று. புதுசு போட்டால் இவை இரண்டும் குப்பைக் கூடைக்குப் போகும்.

தம்பி சும்மா இருக்கவில்லை. “அண்ணா, கண்ணாடிப் புள்ளி அப்பாவோடது, விடு. டயல்ல இருக்கிற துரு அப்பாவோடதா? புயலோடது. அதை ஏன் காப்பாத்தணும்?” என்றான். நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. துரு மேலும் பரவாமல் இருக்க ஈரம் உள்ளே போவது நிற்க வேண்டும், அதற்குப் புது வாஷர் போதும் என்பதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

ஒரு இடத்தில் மட்டும் அவன் பக்கம் சாய்ந்தேன். முள்ளில் இருக்கும் ஒளிப்பூச்சு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்திருக்கிறது. அந்தத் தூள் மெஷினுக்குள் இறங்கினால் சர்வீஸ் செய்ததே வீண். ஆகவே முள்ளுக்கு மட்டும் பழசை எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும், முக்கியமாகப் புதுச்சேரியில் தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக, இந்தோசீனா போய் வந்த வீடுகளுக்கு: 1970-களுக்கு முந்தைய ஒளிரும் டயல்களில் ரேடியம் இருக்கலாம். வெளிச்சம் செத்துப்போனாலும் கதிரியக்கம் சாகாது, அரை ஆயுள் 1,600 வருஷம். அதைச் சுரண்டவோ, திறந்து ஊதவோ விடாதீர்கள்.

மூன்றாவது வழி, கேஸும் டயலும் அப்படியே இருக்க உள்ளே NH36 மெஷின். சீக்கோ குழுமத்தின் இப்போதைய தயாரிப்பு, 24 கல் (உராய்வைக் குறைக்க உள்ளே வைக்கும் கற்கள்), அப்பாவுடையது 17 கல். இரண்டும் மணிக்கு 21,600 அதிர்வு, அதனால் விநாடி முள் நகரும் விதம் மாறாது. சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம். 6309-ல் இரண்டும் கிடையாது, ஆட்டித்தான் ஓட விட வேண்டும். தினமும் கட்டும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. சாவித் தண்டு, டயல் கால்கள் எல்லாம் சரிபார்த்துப் பொருத்த வேண்டும், எனக்குச் சொன்னது ஏழாயிரம்.

எல்லோரும் இதைத்தான் பாவம் மாதிரி பேசுவார்கள், மெஷினை மாற்றினால் அது அப்பா வாட்ச்சே இல்லை என்று. நான் அப்படி நினைக்கவில்லை. பழைய மெஷினை டப்பாவில் பத்திரமாக வைத்தால் பத்து வருஷம் கழித்தும் திருப்பிப் போட்டுவிடலாம். பாலிஷ் போட்ட கேஸை அப்படித் திருப்ப முடியாது. தம்பி வழியா இந்த வழியா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

ஆனால் கிழமை. அப்பாவின் மெஷினில் கிழமைச் சக்கரம் ஆங்கிலமும் அரபியும். அரபி எழுத்தில் அவருக்கு அடையாளம் தெரிந்த ஒரே சொல் ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமை, அங்கே லீவு நாள், கடிதம் எழுதும் நாள். ஊருக்கே திரும்பி வந்த பிறகும் அரபியில்தான் வைத்திருந்தார். மெஷினோடு அந்தச் சக்கரமும் டப்பாவுக்குள் போய்விடும். அதனால் முதல் வழிக்கே கொடுத்துவிட்டேன். மெஷின் உள்ளே அவ்வளவாகத் தேயவில்லை என்று பெரியவர் சொன்னதும் தைரியம் தந்தது. அவர் கையை விரித்திருந்தால் மூன்றாவதுக்குத்தான் போயிருப்பேன்.

தண்ணீரைப் பற்றி: 150 மீட்டர் ஆழம் தாங்கும் என்பது 1979-ல். புது வாஷர் போட்டு பிரஷர் டெஸ்டில் தேறினாலும் சாவி திருகும் மரை தேய்ந்த வாட்ச் இது, தேவனாம்பட்டினத்தில் கால் நனைக்கும்போதுகூடக் கழற்றிப் பையில் வை என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். நீந்தவும் கட்ட வேண்டும் என்றால் இதே வடிவத்தில் சீக்கோ திரும்பக் கொண்டுவந்த டர்டில் இருக்கிறது, 4ஆர்36 மெஷின், 200 மீட்டர், அதை வாங்கிக்கொள்ளலாம்.

கழற்றிய எதையும் கடையில் விட்டு வராதீர்கள், பழைய மெயின் ஸ்பிரிங் உட்பட. நான் முன்கூட்டியே ஒரு ஜிப் கவரைக் கொடுத்துவிட்டு வந்தேன். டயல் விஷயத்தில் தம்பி இன்னும் இறங்கி வரவில்லை, புது டயலுக்குக் காசு தானே தருவதாகச் சொல்கிறான். கட்டப்போகிறவளையே கேட்போம் என்று மகளுக்கு போன் போட்டோம். டயலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை அரபியில் எப்படி இருக்கும் என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.