பழைய மரப்படகா, புது ஃபைபரா?

விலையை மட்டும் பார்த்தால் பழைய மர விசைப்படகுதான் கையைக் கடிக்காது. ஆனால் கரையேற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நான் பார்த்த ஒன்றில் மேலே பளபளவென்று பெயிண்ட். படகின் அடியில் முதுகெலும்புபோல ஓடும் ஏரா மரத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன், வேகவைத்த கிழங்கில் இறங்குவதுபோல உள்ளே போய்விட்டது. கப்பல் புழு தின்ற மரம். ஒரு பலகையைக் கழற்றினால் பக்கத்துப் பலகையும் கெட்டிருக்கும், ஆணியும் துருப்பிடித்திருக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் பழுதுபார்க்கும் வேலை முடியாவிட்டால் கடலுக்குப் போகும் நாட்கள்தான் வீணாகும்.

ஃபைபர் என்றால் கண்ணாடியிழைப் படகு, அதைப் புழு அரிக்காது. விரிசல் விட்டாலும் ரெசின் என்ற பசை வைத்து ஒட்டிவிடலாம். ஏராவும் எஞ்சினும் உறுதி, நல்ல ஆசாரியும் கைவசம் என்றால் பழையதை எடுங்கள். இல்லையென்றால் கூடக் கொஞ்சம் போட்டாவது புது ஃபைபர்தான்.