கீபோர்டில் பழகிய கைக்கு ஒரு கேம்பேட்: எக்ஸ்பொக்ஸ் வயர்லெஸ் கொன்ட்ரோலர் பற்றிய மதிப்பீடு

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் வயர்லெஸ் கொன்ட்ரோலர் என்ற, இரு கைகளாலும் பிடித்து விளையாடும் கேம்பேடை, கீபோர்டிலும் மவுஸிலும் பல ஆண்டுகள் கை பழகிய ஒருவர் வாங்கினால், அவருடைய இடது பெருவிரலுக்கும் இரண்டு சுட்டுவிரல்களுக்கும் இலாபம். வலது பெருவிரலுக்கு நட்டம். திருகோணமலையில் நெட் கபேகளில் விளையாடத் தொடங்கிய எங்கள் வயதுக்காரருக்குக் கீபோர்டும் மவுஸும் தவிர வேறு கருவி வாய்த்ததில்லை என்பதால், இந்த இலாபநட்டக் கணக்கைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இலாபம். கீபோர்டின் விசை அழுத்தப்பட்டிருக்கும், அல்லது விடப்பட்டிருக்கும். இடைப்பட்ட நிலை அதற்குக் கிடையாது. யூரோ ட்ரக் சிமியுலேட்டர் 2 விளையாட்டில் பாரம் ஏற்றிய இழுவையோடு ஒரு வளைவில் திரும்பும்போது, இடமும் வலமும் திருப்பும் ஏ, டி விசைகளை விட்டுவிட்டுத் தட்டித்தான் ஸ்டியரிங்கை ஓரளவுக்கு நிறுத்திவைக்க முடியும். கேம்பேடிலோ, பெருவிரலால் சாய்க்கும் சிறு தண்டான இடது ஸ்டிக்கை அரைவாசி சாய்த்தால் சில்லும் அந்த அளவுக்கே திரும்பி அப்படியே நிற்கிறது. சுட்டுவிரலால் இழுக்கும் விசையான வலது ட்ரிகரை எவ்வளவு ஆழமாக இழுக்கிறோமோ அவ்வளவே வேகம் ஏறுகிறது. ட்ரிகர்களுக்குள் தனித்தனியே சிறிய மோட்டார்கள் இருப்பதால், போர்சா ஹொரைசன் 5 போன்ற விளையாட்டுகளில் பிரேக்கை அளவுமீறி இழுத்துச் சில்லு பிடித்துக்கொள்ளும் கணத்தில் சுட்டுவிரலின் கீழேயே ஓர் அதிர்வு எழுகிறது. விரலைச் சற்றுத் தளர்த்தினால் வாகனம் மீண்டும் சொற்கேட்கிறது. வாகன விளையாட்டுகளுக்கென்று மட்டும் வாங்கினாலும் கொடுத்த காசுக்கு இது தகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நட்டத்தின் காரணம் வேறு. துப்பாக்கி விளையாட்டுகளில் மவுஸ் எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அவ்வளவு தூரம் திரையில் பார்வையும் நகரும். கை நின்றால் பார்வையும் நிற்கும். வலது ஸ்டிக்கோ பார்வை எந்த வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே இலக்கை நோக்கிக் கையைக் கொண்டுசெல்வது என்ற பழைய பழக்கம் இங்கே எடுபடாது. சரியான கணத்தில் விரலைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவருவதே கற்க வேண்டிய வித்தை. பார்வை மெதுவாகத் திரும்புகிறதே என்று ஸ்டிக்கின் உணர்திறனை உடனே கூட்டுபவர்களைப் பார்க்கிறேன். அதற்கு நேர்மாறாக, தொடக்கத்தில் அதைக் குறைத்துவைத்து, இலக்குக்கு அருகில் வந்தபின் மிஞ்சும் சிறு இடைவெளியை இடது ஸ்டிக்கால் ஓர் எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து சரிசெய்யப் பழகுவதே நல்லது. மவுஸ் செய்த நுண்மையான வேலையில் ஒரு பங்கை இப்படி இடது கை ஏற்றுக்கொள்ளும். கேம்பேடை மனதில் வைத்துச் செய்யப்பட்ட பல துப்பாக்கி விளையாட்டுகளில் குறி இலக்கின்மேல் வரும்போது திரும்பும் வேகம் தானாகக் குறையும் உதவியும் உண்டு. அதை நிறுத்திவைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. சோனியின் டுவல்சென்ஸ் கேம்பேடில் இருக்கும், கருவியின் அசைவை அறியும் ஜைரோ உணரி இதில் இல்லாததை நான் உண்மையான குறையாகவே கருதுகிறேன். ஸ்டிக்கால் ஏறத்தாழத் திருப்பிவிட்டு, மிச்சத்தைக் கருவியையே மெல்லச் சாய்த்து முடிக்க அது வழிசெய்திருக்கும்.

வலது பெருவிரலுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. பார்வையைத் திருப்புவதும் அதுவே. ஏ, பி, எக்ஸ், வை ஆகிய நான்கு பொத்தான்களை அழுத்துவதும் அதுவே. பாய்வதற்காக விரலைத் தூக்கினால் அந்தக் கணத்தில் பார்வை கைவிடப்படுகிறது. கேம்பேடிலேயே வளர்ந்த என் மருமகன் அருகில் இருந்து, "மாமா, பெருவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்காதேங்கோ, பாயிறதை மேலே இருக்கிற பட்டனுக்கு மாத்துங்கோ" என்றான். விண்டோஸில் கிடைக்கும் எக்ஸ்பொக்ஸ் அக்சசரிஸ் செயலியில் பொத்தான்களை இடம் மாற்றலாம். பாய்ச்சலை, ட்ரிகருக்கு மேலே உள்ள பொத்தானான இடது பம்பருக்குக் கொண்டுபோன பிறகு, விட்டுப்போயிருந்த சரளத்தில் பெரும்பகுதி கைக்குத் திரும்பியது.

கருவியின் உடலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிடி இறுக்கமாக அமர்கிறது; ட்ரிகர்களிலும் பின்புறத்திலும் உள்ள சொரசொரப்பு எங்கள் ஊரின் வியர்க்கும் கைகளுக்குப் பெரிதும் உதவுகிறது. இரண்டு ஏஏ பற்றரிகளில் இயங்குவதைச் சிலர் பழைமை என்பார்கள். மீள்மின்னேற்றும் பற்றரிகள் இரண்டு சோடி வைத்திருந்தால் அது வசதியே. யூஎஸ்பி-சி வயரில் இணைத்தால் பற்றரி இல்லாமலும் வேலை செய்யும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் விளையாடாத காலத்தில் பற்றரிகளைக் கழற்றிவைப்பது அவசியம்; உப்புக்காற்று உலோகத் தொடுமுனைகளை விட்டுவைப்பதில்லை. ஸ்டிக்குகளுக்குள் ஒன்றோடொன்று உரசும் பாகங்கள் இருப்பதால் நாளடைவில் அவை தேயும் என்பதையும், தேய்ந்தால் விரல் படாமலே பார்வை நகரத் தொடங்கும் என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். உரசலின்றிக் காந்தத்தால் நிலையை அறியும் ஹோல் எபெக்ட் ஸ்டிக்குகளுடன் வேறு நிறுவனங்களின் கேம்பேட்கள் கிடைக்கின்றன. நெடுங்கால உழைப்பே முதன்மை என்போர் அவற்றையும் பார்க்கட்டும்.

படை நகர்த்தும் வியூக விளையாட்டுகளுக்கு மவுஸை விட்டு எழும்ப வேண்டாம். நூறு பொருள்களில் ஒன்றைத் தொட்டெடுக்க ஸ்டிக் ஏற்றதல்ல. மற்றபடி வாங்கத் தீர்மானித்தவர், போலிகளும் இதே தோற்றத்தில் விற்பனைக்கு வருவதால், கடையிலேயே ஒரு கணினியில் இணைத்து, விண்டோஸின் கேம் கொன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, ஸ்டிக்கை நாலா பக்கமும் சாய்த்து விட்டபின் குறி நடுவுக்குத் திரும்புகிறதா என்றும், ட்ரிகரை மெதுவாக இழுக்கையில் அளவு படிப்படியாக ஏறுகிறதா என்றும் பார்த்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும்.