இரும்படிக்கப் பழக எங்கே போவது: பட்டறையா, குழுவா, சொந்த உலையா?

கொல்லுவேலையைப் பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகப் பழக நினைக்கிறவர்கள் டெல்டாவிலும் ஆங்காங்கே தலைகாட்டுகிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், கல்லூரிப் பையன், சென்னை வேலையை மடிக்கணினியோடு கும்பகோணத்துக்கே தூக்கிவந்துவிட்டவர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று பலதரம். எல்லோருக்கும் முதல் கேள்வி, எங்கே ஆரம்பிப்பது என்பதுதான். ஊர்ப் பட்டறையில் ஆசாரியிடம் போய் நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூடி உலை மூட்டும் நாலைந்து பேரோடு சேரலாம். யாரும் வேண்டாமென்று கொல்லையிலேயே ஓர் உலை போட்டுக்கொள்ளலாம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் நாளுக்குக் குழு, முதல் வருஷத்துக்குப் பட்டறை. சொந்த உலைக்கு அவசரமே இல்லை.

பட்டறையிலிருந்து தொடங்குவோம். அங்கே "வாங்க தம்பி, உட்காருங்க" கிடைக்கும், டீ கூடக் கிடைக்கும். சுத்தியல் கிடைக்காது. அதில் குறைப்பட ஒன்றுமில்லை. உலையில் எரிகிற ஒவ்வொரு கூடைக் கரியும் ஆசாரியின் காசு. நாம் தப்பாக அடித்துக் கெடுக்கிற இரும்பும் அவர் காசு. அதனால் புதிதாக வருகிறவனுக்கு முதலில் வாய்ப்பது காற்று போடுகிற வேலை. தோல் துருத்தி இருந்த இடத்தில் இப்போது கையால் சுற்றும் சக்கரமோ மின்சார ஊதியோ இருக்கிறது. காற்றைக் கூட்டிக் குறைப்பதில்தான் பாதி வேலை என்பது மட்டும் மாறவில்லை. கொஞ்ச நாள் கழித்துச் சம்மட்டி.

சம்மட்டி அடிப்பதைப் பலர் மாட்டுவேலை என்று நினைக்கிறார்கள். கிட்டே நின்று பார்த்தால் தெரியும். ஆசாரி ஒரு கையில் குறட்டால் இரும்பைப் பிடித்து அடைகல்லில் வைப்பார். இன்னொரு கையிலுள்ள சின்னச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. அவர் தட்டிய அதே இடத்தில், தட்டிய அதே சாய்வில் சம்மட்டி விழ வேண்டும். அவர் இரும்பைத் திருப்புவார், மறுபடி தட்டுவார். சுத்தியலை இரும்பில் படாமல் அடைகல்லில் தட்டினால் நிறுத்து என்று பொருள். பேச்சே கிடையாது. பேச்சு வருவது நாம் தப்புப் பண்ணும்போதுதான்: "கறுத்துப்போன இரும்புல ஏன் தம்பி அடிக்கிற? உலையில போடு." எத்தனை காணொளி பார்த்தாலும் வராத ஒன்று இந்த இடத்தில் வருகிறது: எப்போது நிறுத்துவது என்கிற உணர்வு.

நிறம் பார்ப்பதும் அப்படியே. சாதாரண இரும்பு நன்றாக மஞ்சளாகும்போது வெப்பம் 1,100 டிகிரி செல்சியசைத் தாண்டியிருக்கும். அப்போது சொன்னபடி கேட்கும். மங்கிய சிவப்புக்கு இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் விரிசல் விடும். பட்டறையை இருட்டாக வைத்திருப்பதே இந்த நிறத்துக்காகத்தான். வெயிலில் பார்த்தால் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும்.

அரிவாளுக்குத் துவைச்சல் போடுவதை, அதாவது சூட்டோடு முக்கி வெட்டும் வாயை உறுதியாக்குவதையும், பட்டறையில்தான் பார்க்க வேண்டும். ஆசாரி வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்கி எடுப்பார். ஒரு கல்லால் விறுவிறுவென்று தேய்த்துப் பளபளப்பாக்குவார். முதுகுப் பக்கத்தில் மிச்சமிருக்கும் சூடு மெதுவாக வாய்ப்பக்கம் இறங்கும்போது அந்தப் பளபளப்பில் வைக்கோல் மஞ்சள் ஓடும், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வேலைக்கு ஏற்ற நிறம் வாய்க்கு வந்த நொடியில் முழுசாகத் தண்ணீரில். சில நொடிகளில் முடிந்துவிடும் இந்த வேலையை வாயால் சொல்லித்தரச் சொன்னால் பல ஆசாரிகளுக்கு வராது. செய்து காட்டுவார்கள், அவ்வளவுதான். குழுவில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பியில் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, எஃகு ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போவதைப் பார்த்து, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றி எண்ணெயில் முக்குவார்கள். ஆசாரி இதைப் பார்த்தால் சிரிப்பார். ஆனால் கண் பழகாதவனுக்குக் காந்தம்தான் நம்பகமானது என்பேன். இந்த ஓர் இடத்தில் குழுவுக்கே என் ஓட்டு.

பட்டறைக்குப் போகிறவர்கள் மறக்கக்கூடாதது காலம். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. குறுவைக்கு நிலம் தயாராகும் அந்த வாரங்களில் தேய்ந்த மண்வெட்டி, களைக்கொத்தி எல்லாம் பட்டறை வாசலில் குவிந்திருக்கும். அப்போது போய் "சும்மா கத்துக்கலாம்னு வந்தேன்" என்று நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும். கதிரறுக்கும் இயந்திரம் வந்த பிறகு பல் வைத்த கருக்கரிவாளுக்கான தை மாத வேலை சுருங்கிவிட்டது. அந்தப் பல்லை ஒவ்வொன்றாக உளியால் வெட்டும் கை இன்னும் சில ஆசாரிகளிடம் இருக்கிறது. பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் பட்டறையில் ஆள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்.

இன்னொன்று, காசு. பரம்பரையாக இதையே நம்பி வாழ்கிற ஒருவரின் நேரத்தை ஓசியில் வாங்குவது அசிங்கம். பழகப் போகிற நாளுக்கு ஒரு சம்மட்டியாள் கூலியாவது கொடுத்துவிடுங்கள். அவர் செய்த அரிவாள்மணையையோ தேங்காய்த் துருவியையோ பேரம் பேசாமல் வாங்குங்கள். கை தேறியதும் தெருவுக்கெல்லாம் இலவசமாக அரிவாள் அடித்துக் கொடுத்துத் தர்மவானாக வேண்டாம். அது அவர் வியாபாரத்தில் மண் போடுகிற வேலை.

சரி, குழுவுக்கு வருவோம். அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய அபானா என்ற கொல்லர் சங்கத்துக்கு ஊருக்கு ஊர் இணைக் குழுக்கள் உண்டு. பிரிட்டனில் 1978இல் தொடங்கிய பாபா என்ற கொல்லர் சங்கம் இருக்கிறது. அங்கத்திய கூட்டங்களில் ஒரு நல்ல பழக்கம்: வருகிறவர்கள் ஆளுக்கொரு பழைய குறடோ இரும்புத்துண்டோ கொண்டுவந்து போட, சீட்டுக் குலுக்கி ஆளாளுக்கு எடுத்துப் போவார்கள். சீட்டு விற்ற காசு குழுச் செலவுக்கு. கையில் ஒன்றுமில்லாமல் வந்த புதியவன் ஒரு குறட்டோடு வீடு திரும்பும் வாய்ப்பும் அதில் இருக்கிறது. நம் பக்கம் குழு என்றால் பெயர்ப்பலகை எல்லாம் எதிர்பார்க்க முடியாது. யாருடைய தோப்பிலோ தகரக் கொட்டகையின் கீழ் நாலு பேர், ஓர் உலை, இரண்டு சுத்தியல்.

அந்த நாலு பேர் நல்லவர்களாக இருந்தால் போதும், பட்டறையில் மாதக்கணக்கில் கிடைக்காத சுத்தியல் முதல் மணி நேரத்திலேயே கைக்கு வரும். பத்து மில்லிமீட்டர் கம்பியில் ஒரு ஜாண் வெட்டி, இரு முனையும் கூராக்கி, வளைத்து எஸ் கொக்கி. இதுதான் உலகம் முழுக்கப் புதியவருக்குக் கொடுக்கும் வேலை, காரணத்தோடுதான். நீட்டுவது, கூராக்குவது, வளைப்பது மூன்றும் அதற்குள் வந்துவிடுகின்றன. கெட்டுப்போனாலும் இழப்பு ஒரு ஜாண் கம்பி. வீட்டில் வாழைத்தார் தொங்கவிடவும் ஆகும்.

மோசமான குழுவைக் கண்டுபிடிப்பதும் எளிது. புதியவர் வந்ததும் கையில் சுத்தியல் கொடுக்காமல் எஃகு ரகங்களின் எண்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒரு பெண் வந்தால் "பாக்க வந்தீங்களா?" என்பார்கள். மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து நம் சாலையோரங்களில் கூடாரம் போட்டு லாரியின் வில்பட்டையில் அரிவாள் அடிக்கும் குடும்பங்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே சம்மட்டியை ஓங்குவது பெரும்பாலும் பெண்கள்தான். நல்ல குழு, வருகிறவருக்கென்று ஒரே ஒரு ஆளை ஒதுக்கும். நாலு பேர் நாலு பக்கமிருந்து "இப்படிப் பிடி, அப்படிப் பிடி" என்று கத்தினால் எவனுக்கும் கை ஓடாது. கண்ணாடி, காதடைப்பான், மூடிய காலணி இல்லாமல் உலைப் பக்கம் விடாது. பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றச் சொல்லும், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும் என்பதால்.

புதியவர்கள் கேட்கிற முதல் பொருள் எப்போதும் கத்திதான், இல்லையென்றால் வாள். இந்த ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவது எல்லோருக்கும் நல்லது. 2021இல் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் விவரத்தைப் பதிந்துவைக்கும்படி பட்டறைகளுக்குச் சொன்னது. ஒரு தோப்புக்குள் இளவட்டங்கள் கூடி வீச்சரிவாள் அடிக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பினால் குழுவுக்கு அதோடு மூடுவிழா. கொக்கி, கதவுத் தாழ்ப்பாள், தோட்டக் கொத்து என்று போனால் ஊரும் ரசிக்கும்.

குழுவின் உண்மையான குறை வேறு. அங்கே யாருக்கும் அவசரமில்லை. ஒரு கொக்கிக்கு எட்டுத் தடவை சூடேற்றுவார்கள். ஆசாரி இரண்டில் முடிப்பார். கரியைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஒழுக்கம் பொழுதுபோக்கில் வராது. அதனால்தான் முதல் வருஷத்துக்குப் பட்டறை என்கிறேன்.

தனியாக உலை போடுகிறவர்களுக்கு நேரம் மட்டும் தாராளம். வேண்டியபோது மூட்டலாம், தப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். தப்பைத் திருத்தவும் ஆளிருக்காது என்பதுதான் தொல்லை. உலை கட்டுவது டெல்டாவில் சுலபம்: களிமண்ணும் மணலும் உமியும் குழைத்துப் பூசினால் நன்றாகவே தாங்கும். சூடான எஃகை மெதுவாக ஆறவிட உமிச்சாம்பலும் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் நம் கொல்லைகளில் பாதி கீற்றுக் கொட்டகை. அதன் கீழ் உலையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

எரிபொருளுக்கு என் பரிந்துரை கரி. புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலக் கரி மூட்டையாகக் கிடைக்கும். பொறி பறக்கும், சீக்கிரம் தீரும், ஆனால் புகை குறைவு. நிலக்கரி நின்று எரியும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அதன் புகைக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. அது பழுப்பு நிலக்கரி, ஏறத்தாழ பாதி ஈரம். மின்நிலையத்துக்குச் சரி, உலைக்கு உதவாது. கேஸ் உலை சுத்தம், காற்று போட ஆள் வேண்டாம். ஆனால் அடுப்படியிலிருக்கும் 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கென்று கொடுக்கப்பட்டது. அதை இழுத்துவந்து மாட்டாமல் 19 கிலோ வணிகச் சிலிண்டருக்குப் போக வேண்டும்.

அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு நல்ல மாற்று. மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோ எடை, நல்ல கடின எஃகு. அதைத் தண்டவாளத்தோரம் கிடந்தது என்று தூக்கிவந்தால் 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஏலத்தில் எடுத்த இரும்புக்கடையில் ரசீதோடு வாங்குங்கள். இரும்பைத் தேர்ந்தெடுப்பதிலும் தனியாள்தான் அதிகம் தடுக்கி விழுகிறான். வீடு கட்டிய மிச்ச டிஎம்டி கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. கொக்கிக்குப் போதும், வெட்டும் வாய் நிற்காது. லாரி வில்பட்டையில் 0.5 முதல் 0.6 வரை இருக்கும், அரிவாளுக்கு அதுதான். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை உலையில் வைக்கவே கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், அந்தப் புகையை இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல். பட்டறையிலோ குழுவிலோ இருந்தால் "அதைத் தூக்கி வெளியே போடு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஐடிஐ பற்றிக் கேட்பவர்களுக்கு: ஃபிட்டர், வெல்டர் படிப்பு இந்த ஆசைக்கு அரைப் பங்கு உதவும். பொறியியல் முதலாண்டில் உலைவேலையைச் செய்துகாட்டுவதோடு சரி. கைவினைஞர்களுக்கான அரசுத் திட்டங்கள் அதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கானவை. ஆசைக்கு வருகிறவர்கள் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம். சுவாமிமலையிலும் நாச்சியார்கோயிலிலும் நடப்பது வெண்கலமும் பித்தளையும் உருக்கி வார்க்கிற வேலை. அருமையான வேலைதான், இரும்படிப்பதோடு அதற்கு உறவு குறைவு.

வாரத்துக்கு ஒரு நாள்தான் ஒழியும் என்கிறவருக்குக் குழுவே போதும். அரிவாளுக்கு வாய் வைக்கிற அளவுக்குப் போக வேண்டுமென்றால் பட்டறையைத் தவிர வழியில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிவருகிறவர்கள் குழுவுக்கே போங்கள், பட்டறையில் அவனைக் கவனிக்க யாருக்கும் கை ஒழியாது. சொந்த உலை, ஒரு கொக்கியை இரண்டு மூன்று சூட்டில் முடிக்கிற கை வந்த பிறகு. எங்கே போனாலும் உங்கள் கம்பியை நீங்களே வெட்டி எடுத்துப் போங்கள். பட்டறைக்கென்றால் ஒரு மூட்டைக் கரியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆசாரி வேண்டாமென்று சொல்ல மாட்டார்.