வெள்ளித் தண்ணீர் மெஷின் விற்க வருகிறவர்களிடம் ஜாக்கிரதை (பினாங்கு, பட்டர்வொர்த் மக்களுக்கு)

கூழ்ம வெள்ளியை, அதாவது வெள்ளியின் நுண்துகள் கலந்த தண்ணீரை, இந்த மெஷினால் வீட்டிலேயே தயாரிக்கலாம், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் சரியாக வரும் என்று சொல்லி ஒருவர் எங்கள் அம்மாவிடம் 480 ரிங்கிட் வாங்கிக்கொண்டு போனார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், காலில் புண். தினமும் இரண்டு கரண்டி குடித்தால் ஆறிவிடும் என்றாராம். எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மெஷின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாதாரண அடாப்டர், ஒரு சுவிட்ச், தண்ணீரில் முக்க இரண்டு வெள்ளிக் கம்பி, அவ்வளவுதான். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எதுவுமே இல்லை. வெள்ளி கரையக் கரையத் தண்ணீரில் மின்சாரம் இன்னும் அதிகமாகப் பாயும், கம்பியிலிருந்து கறுப்பாகத் துகள் உதிரும், அப்புறம் எப்படி ஒரே அளவில் வரும்? ஒரு மில்லிஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 மில்லிகிராம் வெள்ளி கரையும், இது பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடே விதி. மின்னோட்டம் எவ்வளவு என்றே காட்டாத பெட்டியை வைத்துக்கொண்டு தண்ணீரில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்பி 99.99 சதவீதம் சுத்தம் என்றார். லிட்டில் இந்தியாவில் தெரிந்த நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தோம், 92.5 தான், மீதி செம்பு. அதாவது அம்மா செம்பையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

போனில் கேட்டால், "அக்கா, சீக்கிரம் வரணும்னா ஒரு சிட்டிகை உப்பு போடுங்க" என்கிறார். உப்புப் போட்டால் வருவது வெள்ளி குளோரைடு, தண்ணீர் பால்போல் கலங்கிவிடும். அவர் எல்லோர் வீட்டிலும் பெருமையாகக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்பதை ஒரே எண்ணாகக் காட்டும் கருவி) இருக்கிறதே, அது மின்கடத்தும் தன்மையைத்தான் அளக்கும், வெள்ளித் துகளை அல்ல. மெஷினே இல்லாமல் வெறும் உப்புத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், எண் குபுகுபுவென்று ஏறும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் குடிக்கிற பொருள் இல்லை இது. வெள்ளி உடம்பில் தங்கி, தோல் நீலச் சாம்பல் நிறமாகிவிடலாம், அது திரும்பப் போகாது. அமெரிக்காவில் பால் கராசன் என்பவர் வீட்டில் தயாரித்ததைக் குடித்து முகமெல்லாம் நீலமானார், 2013இல் இறந்தார். மருந்தாக இது பாதுகாப்பானதும் இல்லை, பலன் தருவதாகவும் நிரூபிக்கப்படவில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இலேயே சொல்லிவிட்டது. இங்கே அவர் பாட்டிலில் அடைத்து விற்கிற வெள்ளித் தண்ணீருக்கு, மலேசியாவில் பதிவான மருந்துகளுக்குத் தரும் எம்ஏஎல் எண்ணும் கிடையாது. சர்க்கரைப் புண்ணைத் தயவுசெய்து கிளினிக்கில் காட்டுங்கள், தள்ளிப்போட்டால் காலே போய்விடலாம். அம்மாவை இப்போது அங்கேதான் கூட்டிப் போகிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் போனை எடுப்பதில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடுகிறேன், கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை. நீங்களும் வாங்கியிருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் அழிக்காதீர்கள், மனுவோடு அதைத்தான் கொடுக்க வேண்டும்.