ரூ. 45,000 போச்சு: ஜேசன் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கு என்று பாருங்கள்

இலங்கையில் ஹட்டன் பக்கம் வெப்சைட் செய்து கொடுக்கும் கடை ஒன்றில் என் ரூ. 45,000 போய்விட்டது. பெயர் போடவில்லை. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

நான் கேட்டது இவ்வளவுதான். ஹியூகோவில் (எழுதி வைத்த ஃபைல்களை வெப்சைட்டாக்கும் மென்பொருள்) ஓடும் தோட்டத்துப் பதிவுகள் ஒரே மார்க்டவுன் ஃபைலிலிருந்து (எளிய குறிகளோடு எழுதிய வெறும் எழுத்து ஃபைல்) நாலு விதமாக வரணும்: வழக்கமான வெப் பக்கம், முழுக் கட்டுரையோடு ஆர்எஸ்எஸ் (புதுப் பதிவுகளை வாசகரின் ஆப்புக்குக் கொண்டுபோகும் பட்டியல்), போன் ஆப்புக்கு ஜேசன் (ஆப் படிக்கும் தரவு ஃபைல்), வாசிகசாலையில் அச்சடித்து வைக்க பிடிஎஃப்.

வேலை முடிந்தது என்று கடைக்காரர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, முகவரிக்குப் பின்னால் இன்டெக்ஸ் டாட் ஜேசன் என்று அடித்தார். 14 பதிவும் வரிசையாக வந்து நின்றது. "பார்த்தீங்களா அண்ணே, ஒரு கமாண்ட், எல்லாம் வந்துடும்." மீதிக் காசை அந்த மேசையிலேயே எண்ணிக் கொடுத்தாச்சு.

15ஆவது பதிவு போட்டதும் வெப் பக்கத்தில் வந்தது, ஜேசனில் வரவில்லை. திறந்து பார்த்தால், ஜேசனை ஒருதரம் கையால் எழுதி 'ஸ்டாட்டிக்' ஃபோல்டரில் போட்டிருக்கிறார்! அதில் கிடப்பதை ஹியூகோ அப்படியே, வெப்சைட்டாக வெளியே போகும் 'பப்ளிக்' ஃபோல்டருக்குக் காப்பி பண்ணும், அவ்வளவுதான். கான்ஃபிக் என்ற அமைப்பு ஃபைலில் 'அவுட்புட்ஸ்' என்ற இடத்தில் ஜேசன் என்று இருக்கு. ஆனால் 'லேஅவுட்ஸ்' ஃபோல்டரில் அதற்கு டெம்ப்ளேட் (எதை எப்படி எழுதணும் என்கிற அச்சு) இல்லை. டெம்ப்ளேட் இல்லாவிட்டால் ஹியூகோ நிற்காது, ஒரு வரி எச்சரிக்கை காட்டிவிட்டு மேலே போய்விடும். அதை யார் பார்க்கிறது?

ஆர்எஸ்எஸில் சுருக்கம் மட்டும். ஹியூகோவோடு வரும் டெம்ப்ளேட்டை லேஅவுட்ஸில் காப்பி போட்டு, 'சம்மரி' என்பதை 'கன்டென்ட்' என்று மாற்றும் வேலை. ஒரு சொல்! அதுக்கும் சேர்த்துத்தான் 45,000.

பிடிஎஃப் இன்னும் மோசம். ஹியூகோ பிடிஎஃப் செய்யாது, ஃபைலை வேறு வடிவமாக மாற்றும் பேண்டாக் மாதிரி மென்பொருள் ஒன்று வேணும். அதில் பிடிஎஃபை உருவாக்கும் எஞ்சினைச் சீலாடெக் (XeLaTeX) என்றும், எழுத்துருவுக்கு ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் கொடுக்கணும். இவர் கொடுத்த பிடிஎஃபில் 'தேயிலை'யின் இரட்டைக்கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

கேட்டால், "உங்க போன் பழசு." அடுத்த தடவை, "செஞ்ச தம்பி கொழும்புக்குப் போயிட்டார்." அப்புறம், "நாளைக்குப் பௌர்ணமிப் போயா லீவு, கடை பூட்டு." இப்போது போனே எடுப்பதில்லை. ரூ. 45,000!

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. காசு கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே புதுப் பதிவு ஒன்று எழுதி, பப்ளிக் ஃபோல்டரை அழித்து, திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். ஜேசனில் அந்தத் தலைப்பு வரவில்லையென்றால் எழுந்து வாங்க. பிடிஎஃபில் 'தேயிலை' எப்படி விழுகிறது என்று பாருங்கள். பதிவுகளும் லேஅவுட்ஸும் கான்ஃபிக்கும் இருக்கும் சோர்ஸ் ஃபோல்டர் முழுசையும் பென்டிரைவில் வாங்குங்கள், பப்ளிக் மட்டும் தந்தால் எடுக்காதீங்க.