வாடகை ஏற்றத்தைச் சொல்ல எது சரி: வாய்ச்சொல்லா, வாட்ஸ்அப்பா, கடிதமா, தபாலா?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் வாடகைத் தகராறு எது வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எப்ப சொன்னீங்க?" தொகை அதற்கு அப்புறம். இந்தக் கேள்விக்கு எந்த வழி தெளிவாகப் பதில் தருகிறது என்பதை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

வாய்ச்சொல் மரியாதையான வழி. திண்ணையில் உட்கார்ந்து "அடுத்த மாசத்திலேருந்து ஐந்நூறு சேத்துக் குடுங்க" என்றால் பாதி வீடுகளில் காரியம் முடிந்துவிடும். முடியாத பாதியில், சொன்னது எந்த மாதம், ஐந்நூறா முந்நூறா, தண்ணீர்க் காசும் அதில் சேர்த்தியா என்று மூன்று சண்டை வரும். வீட்டில் பெரியவரிடம் சொல்லிவிட்டு வந்தால், வாடகை கட்டும் மகனுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. பேச்சு அவசியம். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது.

வாட்ஸ்அப் இப்போது பரவலாகிவிட்டது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும்போது வேறு வழியும் தோன்றாது. தேதியும் நேரமும் தானாகப் பதிவாவது இதன் பலம். பலவீனங்கள் உண்டு. படித்ததைக் காட்டும் நீல டிக்கை அணைத்து வைக்கலாம். தானாக மறையும் வசதி போட்டிருந்தால் 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ செய்தியே காணாமல் போகும். குரல் பதிவில் தொகை தெளிவாகக் கேட்காது. வழக்கு என்று வந்தால் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் சேர வேண்டும். கையெழுத்திட்ட கடிதத்தைப் படமெடுத்து அனுப்பி, "பார்த்தேன்" என்று ஒரு வரியாவது பதில் வாங்கினால் வாட்ஸ்அப் ஓரளவு நிற்கும்.

எங்கள் தீர்ப்பில் சாதாரண வீட்டுக்காரருக்கு ஏற்றது, நேரில் பேசிவிட்டுக் கையில் கொடுக்கும் கடிதம். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் குடியிருப்பவரிடம் கொடுத்து, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். இப்படி நாலு வரி போதும்:

"வணக்கம். தங்களுடன் பேசியபடி, மேலத்தெரு வீட்டின் மேல்மாடிப் பகுதிக்கு மாத வாடகை ரூ.8,000 என்பது வரும் ஜூன் 1 முதல் ரூ.8,400 ஆகிறது. தண்ணீர், பராமரிப்புக் கட்டணத்தில் மாற்றமில்லை. அட்வான்ஸ் தொகையும் பழையபடியே. மே மாதம் வரை பழைய வாடகையே."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத கடிதங்களில்தான் "போன மாச பாக்கி" என்ற வம்பு முளைக்கிறது. பழைய தொகை, புதிய தொகை, தொடங்கும் நாள் மூன்றும் எண்ணிலேயே இருக்க வேண்டும். வெறும் சதவீதம் எழுதினால் ஆளுக்கொரு கணக்கு வரும். கையெழுத்துப் போடுபவர் யார் என்பதும் முக்கியம். பாகம் பிரிக்காத வீட்டில் அண்ணன் கடிதம் கொடுத்து, தம்பி கணக்குக்கு வாடகை போனால், குடியிருப்பவர் யார் பேச்சைக் கேட்பார்? வாடகை வாங்குபவரே கையெழுத்திடட்டும்.

பெற்றுக்கொண்டதற்குக் குடியிருப்பவர் கையெழுத்துப் போட மறுத்தால் தபால். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது விரைவுத் தபாலில் பதிவு வசதியைக் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்டால்தான் முகவரிக்காரர் கையிலோ, அவர் எழுதிக்கொடுத்த ஆளிடமோ சேரும். "வாங்க மறுத்தார்" என்று உறை திரும்பி வந்தால் பதற வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். ஒட்டியபடியே, தபால்காரரின் குறிப்போடு ரசீதையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அந்த உறையே சாட்சி. "கதவு பூட்டியிருந்தது" என்ற குறிப்பு அவ்வளவு வலுவில்லை, இன்னொரு முறை அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ் இதற்கும் அடுத்த படி. நானூறு ரூபாய் ஏற்றத்துக்கு அதை எடுத்தால் உறவு அன்றோடு முறியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பலமானது ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது. நகர்ப்புறங்களுக்கான 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. வாடகை மாற்றம் ஒப்பந்தத்தின்படிதான் என்பது அதன் அடிப்படை. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஆனால் "ஆண்டுக்கு 5 சதவீதம்" என்று மட்டும் எழுதினால் மூன்றாம் ஆண்டில் சிக்கும். 8,000 இரண்டாம் ஆண்டில் 8,400. அடுத்தது 8,820-ஆ, 8,800-ஆ? ஏறிய தொகைமேல் கணக்கா, முதல் தொகைமேலா என்று எழுதுங்கள்; தொகைகளையே வரிசையாக எழுதிவிட்டால் இன்னும் நல்லது. வாடகை ஏறும்போது அட்வான்ஸும் ஏறுமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

எவ்வளவு முன்பாகச் சொல்வது? மூன்று மாதம் கொடுங்கள் என்போம். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆனியில் சொல்லி ஆடியில் ஏற்றினால், கட்டுப்படியாகாதவருக்குப் போக வழியில்லை, அது நியாயமில்லை. மாசியில் சொல்லி வைகாசியில் ஏற்றினால், பள்ளி திறக்கும் முன் வேறு வீடு பார்க்க அவகாசம் கிடைக்கும்.

கோயில் அடிமனையில், அதாவது கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில், வீடு கட்டியிருப்போருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி ஒரு குழு வாடகையை நிர்ணயிக்கிறது; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம். அது உத்தரவாக வரும். கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள். ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், அது கிடைத்த நாளிலிருந்து ஓடும்.