மூன்று போல்ட்டா, இரண்டு போல்ட்டா: நெடுந்தூரத்துக்கு எந்தக் கிளீட்?

சைக்கிள் ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் சின்னத் துண்டுதான் கிளீட்; அதைக் கவ்விப் பிடிக்கும் பெடல்தான் கிளிப்லெஸ். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எடை. நானும் அதைத்தான் பார்த்தேன். மூன்று போல்ட் ரோடு பெடல், அதற்கேற்ற கெட்டி கார்பன் ஷூ என்று இரண்டு வருடம் ஓட்டினேன். இப்போது காலடியில் இருப்பது இரண்டு போல்ட் எஸ்பிடி. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பனிச்சறுக்குக் காலணிப் பூட்டு செய்துவந்த லுக் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த பெடலின் வாரிசுதான் மூன்று போல்ட் வகை. அடுத்த வருடமே பெர்னார்ட் ஈனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் வென்றார். ஷிமானோவின் எஸ்பிடி 1990-ல் மலைச் சைக்கிள்காரர்களுக்காக வந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பவர்களுக்கான வடிவம். எனக்கு முக்கியமாகிப்போனதும் அதுதான்.

மிதிக்கும்போது ரோடு பெடல் உசத்தி, மறுக்கவில்லை. அகலமான பரப்பு, எழுந்து நின்று அழுத்தினால் கால் அசையாது. ஆனால் ஷூவின் அடிப்பாகம் கெட்டியாக இருந்தால், 25 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க உருட்டும் ஆளுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

நடைதான் விஷயம். பிரெவே எனும் நெடுந்தூர ஓட்டம் என்றால் கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல், அதாவது வழியிலுள்ள ஒவ்வொரு சோதனை நிலையத்திலும், இறங்கி அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். தண்ணீர், கழிப்பறை, படிக்கட்டு வேறு. மூன்று போல்ட் கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக். குதிகாலை ஊன்றி வாத்து நடை நடக்க வேண்டும்; ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். ஒரு 400 கிலோமீட்டர் பிரெவேயில், இரவு 2 மணிக்கு, ஈரத் தரையில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பினேன். அப்புறம் ஓர் ஏற்றத்தில் எழுந்து மிதித்தபோது வலது கால் பெடலிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. இறங்கி ஷூவைத் திருப்பிப் பார்த்தால், பெடலைக் கவ்வும் முன் உதடு நகம் மாதிரி மெலிந்திருந்தது. ரப்பர் உறை போடலாமே என்பீர்கள். போட்டேன், ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது.

எஸ்பிடி கிளீட் சின்ன இரும்புத் துண்டு, ரப்பர் கட்டைகளுக்கு நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். சரளையில் கரகரக்கும், அவ்வளவுதான். அதற்காகப் பராமரிப்பே வேண்டாம் என்றில்லை. போல்ட் தலையின் அறுகோணக் குழியில் மண் இறுகிவிடும். குத்தூசியால் தோண்டாமல் அலென் கீயைத் திருகினால் தலை வழுக்கிப்போகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி 5, 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். இரண்டில் ஒரு போல்ட் கழன்று விழுந்தால் ஆபத்து: குதிகாலைத் திருப்பினால் ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடலுக்குள்ளேயே நிற்கும், நீங்கள் சைக்கிளோடு சாய்வீர்கள். உபரி போல்ட் ஒன்று பையில் இருக்கட்டும். கிளீட் மாற்றுமுன் பழையதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் முழங்கால் நன்றி சொல்லும்.

கிராங்க் பிரதர்ஸ் நிறுவனத்தின் எக்பீட்டர் பெடலில் நான்கு பக்கமும் மாட்டலாம், சேறும் தங்காது. ஆனால் கிளீட் பித்தளை, இரும்பைவிடச் சீக்கிரம் தேயும். பிடியின் இறுக்கத்தையும் கூட்டிக் குறைக்க முடியாது.

பாதம் பக்கவாட்டில் அசையும் அளவு எஸ்பிடியில் சுமார் 4 டிகிரி. ஷிமானோவின் ரோடு கிளீட்டில் மஞ்சள் 6, நீலம் 2, சிவப்பு 0. லுக்கின் கியோ கிளீட்டில் சிவப்புதான் அதிகம், 9 டிகிரி. நிறத்தை நம்பி மாற்றி வாங்கிவிடாதீர்கள். முழங்கால் தொல்லை உள்ளவர்கள் 15 டிகிரி வரை தரும் ஸ்பீட்பிளே பெடலைப் புகழ்கிறார்கள். நான் இரவல் சைக்கிளில் ஒரு மதியம் மிதித்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

புதியவர்கள் எஸ்பிடியில் எஸ்எச்56 எனும் கிளீட்டோடு தொடங்கலாம். பல திசையிலும் கழலும், மேலே இழுத்தாலும் விடும். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும் பழக்கம் வந்துவிட்டால், குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழலும் எஸ்எச்51 போடுங்கள். 300 கிலோமீட்டர் தாண்டியதும் முன்பாதம் எரிந்தால் பெடலைத் திட்டுமுன் கிளீட்டைக் குதிகால் பக்கம் சில மில்லிமீட்டர் தள்ளிப் பாருங்கள். எனக்கு அதிலேயே எரிச்சல் பாதி குறைந்தது.